ஆற்றையும் அளக்கலாம்!



நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பழைய கணக்கில் சொன்னால் சுமார் 95 அங்குலம். பெய்த மழை ஓடாமலும் ஆவியாகாமலும் விழுந்த இடத்திலேயே நின்றால், ஆண்டு முடிவில் நம் லயத்து வாசலில் ஆளை முழுகடிக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் குழாயில் தண்ணீர் நின்றுபோவது ஏன்?

இந்தக் கேள்வி புதியதன்று. 1991இல் மலாக்காவின் டுரியான் துங்கால் அணை வறண்டு, மக்கள் வாளியும் டின்னுமாகத் தண்ணீர் லாரியின் பின்னே ஓடினார்கள். 1998இல் எல் நினோ வறட்சி வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாதக் கணக்கில் பங்கீட்டுத் தண்ணீரில் வாழ்ந்தார்கள். 2014ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரில் மீண்டும் அதே நிலை. வானத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் வானம் கொடுப்பது வேறு, ஆறு கொடுப்பது வேறு, குழாய் கொடுப்பது வேறு. மூன்றுக்கும் இடையே நிற்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்கும் புரியக்கூடிய கணக்குத்தான் இது. தயங்காமல் தொடர்ந்து படியுங்கள்.

பெய்ததெல்லாம் ஆற்றுக்கு வருமா?

ஒரு நாள் சம்பளம் முழுதும் வீட்டுச் செலவுக்கு வந்து சேருகிறதா? கடைக்கடன் போகும், சீட்டுப் பணம் போகும், மிச்சம்தான் கைக்கு வரும். மழையும் அப்படியே. ஒரு பகுதியை மர இலைகள் தாங்கிக்கொண்டு காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்சுகின்றன. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. எஞ்சியது சரிவுகளில் வழிந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் போகிறது. இதைத்தான் வழிந்தோடும் நீர் என்கிறோம்.

1982இல் ஜப்பானிய நிபுணர்களின் உதவியோடு நம் அரசாங்கம் தேசிய நீர்வள ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அதன்படி, சபா, சரவாக் உட்பட நாடு முழுவதிலும் ஆண்டுக்கு 990 பில்லியன் கன மீட்டர் மழைநீர் விழுகிறது. அதில் 360 பில்லியன் ஆவியாகிப் போகிறது. 64 பில்லியன் நிலத்துக்குள் இறங்குகிறது. மீதி 566 பில்லியன் கன மீட்டர் வழிந்தோடுகிறது. அதாவது பத்துப் பங்கு மழையில் ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஆறுகளுக்கு வருகிறது.

இது நாட்டுக்கான மொத்தக் கணக்கு. ஒவ்வோர் ஆற்றுக்கும் இந்தப் பங்கு மாறும். மண் மணலா களியா, நிலம் மலையா சமவெளியா, மேலே காடா தோட்டமா வீடமைப்புப் பகுதியா என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே ஒரு வட்டாரத்துக்குத் தண்ணீர்த் திட்டம் தீட்டுகிறவர்கள் நாட்டுச் சராசரியை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அந்த வட்டாரத்து மழையையும், அந்த ஆற்றின் ஓட்டத்தையும் நேரில் அளந்தே ஆக வேண்டும்.

தோட்டத்து மழைக்கணக்கு

மழையை அளப்பதில் நம் தோட்டங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அது பலருக்குத் தெரியாது.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பாலும் வீணாகும். உரம் போடும் நாளையும் மழைதான் முடிவு செய்கிறது. இதனால் தோட்ட நிர்வாகங்கள் அலுவலகத்துக்கு அருகே ஒரு மழைமானியை நட்டுவைத்து, காலைதோறும் அதைப் பார்த்துக் கணக்கு எழுதி வந்தன. நாம் பிரட்டுக்கு நிற்கும்போது, யாரோ ஒருவர் அந்த மானியிலிருந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பேரேட்டில் ஓர் எண்ணை எழுதியிருப்பார். சிறு வேலைதான். ஆனால் அப்படி ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்ட எண்கள்தாம் நாட்டின் மழைக்கணக்குக்கு ஒரு முக்கிய அடித்தளம் ஆயின.

1932இல் தோன்றிய நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் மழை நிலையப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ‘லாடாங்’ என்று தொடங்கும் பெயர்கள் நிறைய உண்டு. கோலாலம்பூரிலேயே ‘லாடாங் எடின்பர்க்’ என்ற பெயரில் ஒரு மழை நிலையம் இருக்கிறது. சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டது. தோட்டத்தின் பெயரை மழைக்கணக்கு மறக்கவில்லை.

மழைக்கணக்கை வைத்து எவ்வளவு சொல்லலாம் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர், அதாவது பத்து இலட்சம் லிட்டர். 2,500 ஏக்கர் தோட்டம் என்பது சுமார் 10 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் மழை கொட்டினால், விழுந்த நீர் ஏறக்குறைய 20 கோடி லிட்டர். இதில் எவ்வளவு ஓடைக்கு வந்தது? அதை மழைமானி சொல்லாது. அதற்கு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

பலகையும் சுழலியும்

பாலத்தின் தூணிலோ ஆற்றோரக் கம்பத்திலோ, கோடும் எண்ணும் தீட்டிய நெடும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அது வெள்ளத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். வெள்ளத்துக்கும் அதுதான், வறட்சிக்கும் அதுதான். நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. முன்பு ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். இன்று பல இடங்களில் கருவியே அளந்து, தொலைத்தொடர்பு வழியாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. மழைக்காலத்தில் ‘வாஸ்பாடா’, ‘அமாரான்’, ‘பஹாயா’ என்று அறிவிப்பு வருகிறதல்லவா? அது இந்த அளவை வைத்துத்தான்.

ஆனால் உயரம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே உயரத்தில் ஓர் ஆறு விரைந்து ஓடும், இன்னோர் ஆறு தூங்கி வழியும். நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் கடந்து போகிறது என்பதே நமக்கு வேண்டிய எண். அதற்கு இரண்டு தெரிய வேண்டும். ஒன்று, ஆற்றின் குறுக்கே நீர் நிற்கும் பரப்பு. மற்றொன்று, நீரின் வேகம். இரண்டையும் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும்.

அளக்கப் போகிறவர்கள் ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தை அளக்கிறார்கள். பிறகு ஓட்டமானியை நீருக்குள் இறக்குகிறார்கள். அது சிறு காற்றாடி போன்ற சுழலி. நீர் தள்ளத் தள்ளச் சுற்றும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணி வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நீர் மேற்பரப்பில் வேகமாகவும், தரையை ஒட்டி மெதுவாகவும் ஓடும். ஆகவே ஆழம் குறைந்த இடத்தில், மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் மானியை வைக்கிறார்கள். அங்கே கிடைப்பது சராசரி வேகத்தை ஒட்டியிருக்கும். ஆழமான இடத்தில் பத்தில் இரண்டு பங்கிலும் எட்டுப் பங்கிலும் அளந்து இரண்டின் நடுவெண்ணை எடுக்கிறார்கள். எல்லாத் துண்டுகளின் ஓட்டத்தையும் கூட்டினால் ஆற்றின் ஓட்டம் வந்துவிடும். இப்போது ஒலி அலைகளை அனுப்பி, படகு ஆற்றைக் கடப்பதற்குள் அளந்து முடிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. கருவிதான் மாறியது, கணக்கு அதேதான்.

இதை நாள்தோறும் செய்ய முடியுமா? முடியாது. எனவே தண்ணீர் குறைந்த நாள், நடுத்தரமான நாள், வெள்ளம் புரளும் நாள் என்று பல நாட்களில் அளந்து, ‘பலகையில் இந்த உயரம் என்றால் ஓட்டம் இவ்வளவு’ என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்கிறார்கள். அதன் பிறகு பலகையைப் பார்த்தாலே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் ஆற்றுப்படுகை என்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மண் சேரும், மணல் அள்ளுவார்கள், கரை இடியும். அப்போது பழைய வளைகோடு பொய் சொல்லும். ஆகவே மறுபடியும் மறுபடியும் ஆற்றில் இறங்கி அளக்க வேண்டியிருக்கிறது.

நம் ஓடையை நாமே அளக்கலாம்

இந்தக் கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, மழையில்லாத நாளில், கணுக்கால் அளவு நீரோடும் தோட்டத்து ஓடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மேட்டில் மழை பெய்துகொண்டிருந்தால் போகவே வேண்டாம். ஓடையில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது.

ஓடை நேராக ஓடும் இடத்தில் கரையோரம் 10 மீட்டர் அளந்து இரு முனையிலும் குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று மேலே, உரிக்காத ஆரஞ்சுப் பழம் ஒன்றை நடு ஓடையில் விடுங்கள். ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்கு வர 50 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 0.2 மீட்டர். இது மேற்பரப்பு வேகம். உள்ளே நீர் மெதுவாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்குங்கள்: 0.17 மீட்டர். ஓடையின் அகலம் 1.5 மீட்டர், குறுக்கே ஐந்து இடத்தில் அளந்த சராசரி ஆழம் 0.2 மீட்டர் என்றால் பரப்பு 0.3 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.051 கன மீட்டர், அதாவது நொடிக்கு 51 லிட்டர்.

ஒரு நாளுக்கு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 44 இலட்சம் லிட்டர்! ஆளுக்கு நாளைக்கு 200 லிட்டர் என்றால் 22,000 பேருக்குப் போதும். ‘இந்தச் சிற்றோடையா?’ என்று வியப்பு வரும். வியந்துவிட்டு நிற்காதீர்கள். இரண்டு வாரம் மழையில்லாதபோது போய் மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதுதான் உண்மைக் கதை தெரியும்.

சராசரியை நம்பலாமா?

ஒருவருக்கு ஒரு வேளை மூன்று தட்டுச் சோறு போட்டுவிட்டு, அடுத்த இரண்டு வேளை பட்டினி போட்டால், சராசரி வேளைக்கு ஒரு தட்டு. கணக்குச் சரி, வயிறு ஒப்புமா? ஆறும் அப்படித்தான். வெள்ள நாட்களில் பாய்ந்து கடலுக்குப் போய்விடும் நீர், வறண்ட மாதத்தில் திரும்பி வராது. ஆகவே தண்ணீர்த் திட்டக்காரர்கள் ஆறு மிகக் குறைவாக ஓடிய நாட்களையே உற்றுப் பார்க்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் ஒரு முறை வரக்கூடிய கடும் வறட்சியிலும் குடிநீர் கிடைக்க வேண்டும் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைக்கும் அளவுகோல்.

இங்கேதான் நீண்டகாலப் பதிவின் அருமை தெரிகிறது. ஐந்தாண்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஐம்பதாண்டு வறட்சியைச் சொல்வது, ஒரு வார வருகையைப் பார்த்து ஒரு பிள்ளையின் ஆறாண்டுப் படிப்பை எடைபோடுவது போன்றது.

நொடிக்கு 1 கன மீட்டர் ஓட்டம் என்பது ஒரு நாளில் 86.4 மில்லியன் லிட்டர். ஆளுக்கு 200 லிட்டர் என்றால் அது நான்கு இலட்சத்து முப்பதாயிரம் பேரின் ஒருநாள் தண்ணீர். திட்டக்காரரின் கணக்கு நொடிக்கு ஒரு கன மீட்டர் தவறினால், ஒரு பெரிய நகரமே வாளியோடு நிற்கும்.

சிலாங்கூர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசர் மலைப் பக்கத்திலிருந்து கோலகுபு பாரு வழியாக இறங்கி, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கும் இந்த ஆறுதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் தருகிறது. ரந்தாவ் பாஞ்சாங்கில் இதன் ஓட்டத்தை அளக்கும் நிலையம் உண்டு. அதற்கு மேலே ஏறக்குறைய 1,450 சதுர கிலோமீட்டர் நிலத்து நீர் வந்து சேருகிறது. மேலே சிலாங்கூர் ஆற்று அணையும் சுங்கை திங்கி அணையும் இருக்கின்றன. ஆறு நன்றாக ஓடும்போது அணையை மூடிவைக்கலாம். ஓட்டம் குறையும்போது அணை நீரைத் திறந்துவிட்டு, கீழே பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் எடுத்துச் சுத்திகரிக்கலாம். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது? ஓட்டத்தை அளக்காமல் இதற்குப் பதில் கிடையாது. அளவு தெரியாமல் திறந்தால், வறட்சி முடியும் முன் அணை முடிந்துவிடும். 2014 வறட்சியில் பழைய ஈயக் குட்டைகளின் நீரையும் இந்த ஆற்றுக்கு இறைத்துவிட வேண்டியதாயிற்று.

ஒரு வட்டாரத்தின் ஆறுகள் போதாது என்று கணக்குக் காட்டினால், பக்கத்து வட்டாரத்தை நாட வேண்டும். பகாங்கின் செமந்தான் ஆற்று நீர், மலையைக் குடைந்து அமைத்த 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாக உலு லங்காட்டுக்கு வருகிறது. நாளொன்றுக்கு 1,890 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் வகையில் திட்டமிடப்பட்டது அது. மலாக்காவுக்கும் ஜொகூரின் மூவார் ஆற்றுப் பக்கமிருந்து நீர் வருகிறது.

காடு தோட்டமானால், தோட்டம் நகரமானால்...

நிலத்தின் மேல் இருப்பது மாறினால் ஆற்றின் குணமும் மாறும். பகாங்கின் தெக்காம் ஆற்றுப் பகுதியில் 1977 முதல் 1986 வரை நீர்ப்பாசன வடிகால் இலாகா ஓர் ஆய்வு நடத்தியது. காட்டை அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்டால் ஓடை என்ன ஆகும் என்று அளந்து பார்த்தார்கள். காட்டை வெட்டியதும் வழிந்தோடும் நீர் பெருகியது. அதோடு மண்ணும் சேர்ந்து போனது. நீர் கூடுவது நல்லதுதானே என்று எண்ண வேண்டாம். சேறாக வரும் நீர் அணையைத் தூர்க்கும், சுத்திகரிப்பு ஆலையைத் திணற அடிக்கும்.

தோட்டம் நகரமானால் மாற்றம் இன்னும் கடுமை. பிராங் பெசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. பால்மரத்து நிழலில் சருகு மூடிய மண், மழையைக் குடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். தாரும் சிமெண்டும் அப்படிச் செய்வதில்லை. பெய்த கணமே வாய்க்காலுக்குத் தள்ளிவிடும். விளைவு: மழை நாளில் திடீர் வெள்ளம், வெயில் நாளில் வற்றிய ஓடை. இதனால்தான் 2000ஆம் ஆண்டில் இலாகா ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. மழைநீரைக் குளங்களில் தேக்கி மெதுவாக விட வேண்டும் என்று வீடமைப்பாளர்களுக்கு அது சொல்கிறது. புதிய குடியிருப்புகளின் ஓரத்தில் நீங்கள் காணும் குளங்கள் அழகுக்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல.

ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. முழு நீரையும் எடுத்துவிட்டால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். சிலாங்கூர் ஆற்றின் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க வெளிநாட்டாரும் வருகிறார்கள். நன்னீரும் உப்புநீரும் அளவோடு கலந்தால்தான் அந்த மரம் நிற்கும். மரம் நின்றால்தான் மின்மினி நிற்கும்.

அளவு இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கத்தில் சுங்கை கோங் எனும் சிற்றாற்றில் கழிவு கலந்ததால், சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூட வேண்டியதாயிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் குழாய் காய்ந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

கணக்கில் இல்லாதவர் குறை காதில் விழாது

இதெல்லாம் பெரிய அதிகாரிகளின் வேலை, நமக்கென்ன என்று கேட்கலாம். சொல்கிறேன்.

தோட்டங்களில் பல, நெடுங்காலம் தங்கள் ஓடையிலும் குளத்திலும் கிணற்றிலும் இறைத்த நீரையே லயங்களுக்குக் கொடுத்து வந்தன. வட்டாரத் திட்டத்தில் அந்த ஓடைக்கு இடமில்லை. அதை யாரும் அளக்கவில்லை. ஓடை வற்றினால், ‘தண்ணீர் வரவில்லை’ என்று புகார் செய்வோம். எத்தனை நாள், எந்த மாதம், எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுதிவைத்த எண் மேசைமேல் இருக்கும்.

வீடு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்நீர் கிடைக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் கூறுகிறது. ‘போதிய அளவு’ என்று சட்டம் சொல்லும்போது, அந்த அளவைக் காட்ட நம்மிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா?

ஆகவே மூன்று சிறு வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மழைக்கணக்கு. பக்கம் நேராக உள்ள ஒரு மைலோ டின்னை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில் ஆடாமல் நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8 மணிக்கு, பிள்ளையின் அடிக்கோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு நீரைக் கொட்டுங்கள். அடிக்கோலில் சுழி முனைக்கு முன் இடைவெளி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் ‘0’ என்று எழுதத் தவறாதீர்கள். சுழியும் ஒரு செய்திதான்.

இரண்டாவது, குழாய்க்கணக்கு. 18 லிட்டர் மண்ணெண்ணெய் டின் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள். 60 நொடியில் நிரம்பிய டின், மூன்று மாதத்தில் 180 நொடிக்குப் போனால், நீர்வரத்து மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். நிர்வாகத்திடமோ தொழிற்சங்கத்திடமோ அந்த நோட்டைக் கொண்டு போய்க் காட்டலாம்.

மூன்றாவது, கூரைக்கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 800 லிட்டர் தொட்டிக்கு வரும். துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் போதும். தொட்டியை மூடிவையுங்கள், திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசுவை வளர்த்த பாவம் சேரும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அணை போடுமுன் ஆற்றை அளக்க வேண்டும்; ஆற்றை அளக்குமுன் மழையை அளக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் நாள் தவறாமல் எழுதிய ஒரு பள்ளிப்பிள்ளையின் நோட்டு, ஆயிரம் பேச்சைவிட உறுதியானது. ஒரு நோட்டும் பென்சிலும் ஒரு காலி டின்னும் போதும். நாளைக் காலையே தொடங்கலாம்.